புளி போட்டுத் தேய்த்த வெள்ளி ரூபாய்க்குப் பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் ஆச்சி ஒரு சுருக்குப் பையில் பதினொரு வெள்ளி ரூபாய் வைத்திருந்தார். ஏழு விக்டோரியா, ஒரு ஏழாம் எட்வர்ட், மூன்று ஐந்தாம் ஜார்ஜ். எல்லாமே மழைமேக நிறத்தில் இருக்கும், ராணியின் கன்னமும் கிரீடத்தின் மேடும் மட்டும் கைபட்டுக் கைபட்டுக் கொஞ்சம் வெளிறியிருக்கும். ஆச்சி காலமான பிறகு ஒரு தை வெள்ளிக்குக் கலசத்தில் போடவேண்டும் என்று வீட்டில் புளியைக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் விபூதியால் தேய்த்துவிட்டார்கள். நான் ஊருக்குப் போனபோது பதினொன்றும் புது எவர்சில்வர் தட்டு மாதிரி வெளேரென்று இருந்தன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலத்தான் தேய்த்திருக்கிறார்கள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் செலவழித்து அவற்றில் எட்டுக் காசைப் பார்க்கிற மாதிரி மீட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயை மனதில் வைத்து எழுதினாலும் அரை ரூபாய், கால் ரூபாய், இரண்டணா வெள்ளிக்கும் இது பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேய்த்ததில் போன உலோகம் திரும்ப வராது. கீறலும் மறையாது. திரும்ப வருவது நிறம் மட்டும்தான். அந்த நிறம் வந்தாலே காசுக்கு முகம் வந்துவிடுகிறது, அதுக்காகத்தான் இவ்வளவு பாடு.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது

வெள்ளி கறுப்பதை நாம் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறோம். அழுக்கு என்றால் வெளியிலிருந்து வந்து ஒட்டியது. கறுப்போ காசின் சொந்த வெள்ளி. காற்றில் நூலிழை அளவுக்கு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அதாவது அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற அதே வாயு, ஈரப்பதத்தோடு சேர்ந்து மேல்பரப்பு வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றுகிறது. சாக்கடைக் கால்வாய் ஓரத்து வீடுகளில் வெள்ளிச் சாமான் சீக்கிரம் கறுக்கிறதே, ஏசி காயில் (செப்புக் குழாய்ச் சுருள்) அரித்து ஓட்டை விழுகிறதே, அதிலும் இந்த வாயுவுக்குப் பங்கு உண்டு. ஆக, கறுப்பைச் சுரண்டும் ஒவ்வொரு தடவையும் காசின் ஒரு மெல்லிய தோலை உரித்துப் போடுகிறோம்.

ரூபாய் முழுக்க வெள்ளி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1835இலிருந்து 1939 வரைக்குமான ரூபாய் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி ஒரு பங்கு செம்பு. புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் மேல்பரப்பில் இருக்கிற செம்பை முதலில் தின்றுவிடும். மிஞ்சுவது ஏறக்குறைய சுத்த வெள்ளியான ஒரு வெளுத்த தோல். புளி போட்ட காசு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி உயிரில்லாமல் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். 1940இலிருந்து 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், மீதியில் செம்பு, நிக்கல், துத்தநாகம். அது வேறு மாதிரி நிறம் பிடிக்கும். 1947 ரூபாயோ நிக்கல், அதை வைத்துக்கொண்டு மெனக்கெட வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன் காசைச் சரியாகப் பாருங்கள்

டியூப்லைட் உதவாது. ஒரே ஒரு பல்பு, மேஜை விளக்கு போதும், மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிடுங்கள். காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத, தேய்க்காத காசில் வண்டிச் சக்கரத்தின் ஆரம் மாதிரி இரண்டு ஒளிக்கீற்று சுற்றிச் சுற்றி ஓடும். அச்சடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி வழிந்து பதிந்த நுண்ணிய வரிகளால் வருகிற ஒளி அது. தேய்த்த காசில் ஒளி ஓடாது, அப்படியே தட்டையாக நிற்கும். பிறகு பத்து மடங்கு லென்ஸ் வைத்து ராணியின் முகத்துக்கு முன்னால் இருக்கிற சமதளத்தைப் பாருங்கள். ஒரே திசையில் கூட்டமாக ஓடும் மயிரிழைக் கீறல்கள் இருந்தால் பவுடரோ சாம்பலோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். எழுத்துக்களின் ஓரத்தில் மட்டும் பழைய கறுப்பு ஒட்டியிருந்து சமதளம் பளீரென்று இருந்தால் அதுவும் அதே கதைதான்.

கீறல் இல்லாமல் வெறுமனே வெளுத்திருக்கிற காசுதான் நன்றாக மீளும். கீறல் நிறைந்த காசும் ஓரளவு மீளும், ஆனால் நிறம் ஏறும்போது சில கீறல்கள் முன்பைவிடத் துலக்கமாகத் தெரியலாம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சில காசுகளை நீங்களும் தொட வேண்டாம், நானும் தொடமாட்டேன். 1911ஆம் வருஷ ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், அரசர் உடையில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று சர்ச்சையாகி அடுத்த வருஷமே வடிவம் மாற்றப்பட்டதே, அது ஒன்று. 1939 ரூபாய் இன்னொன்று. இந்த மாதிரி அரிதானவை வெளுத்திருந்தாலும் அப்படியே விட்டு, விவரம் தெரிந்த நாணயவியல் ஆளிடம் காட்டுங்கள். 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் இருந்தால் லென்ஸில் தேதியைச் சுற்றிப் பாருங்கள். அதே தேதியை மாற்றாமல் 1874 வரைக்கும் அடித்தார்கள், தேதிக்கு மேலும் கீழும் இருக்கிற குட்டிப் புள்ளிகளை வைத்து அது எந்த வகை என்று பிரிப்பார்கள். அந்தப் புள்ளிகளை எண்ணி எழுதிவைத்துவிட்டு, அரிய வகை இல்லை என்று உறுதியான பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஒத்திகை பார்க்க ஒரு மலிவான காசு வேண்டும். தேய்ந்துபோன ஐந்தாம் ஜார்ஜ் கால் ரூபாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உலோகக் கலவை அதே பன்னிரண்டில் பதினொன்று என்பதால் அது நடந்துகொள்கிற விதம் ரூபாயோடு ஒத்துப்போகும். ஆச்சி காசில் நேரடியாக ஒத்திகை பார்க்காதீர்கள்.

வேண்டிய சாமான்கள்

சுத்தமான அசிட்டோன் ஒரு சின்ன பாட்டில். ஆய்வகக் கெமிக்கல் விற்கிற கடையில் கிடைக்கும், நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது ஆகாது. காய்ச்சி வடித்த நீர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்கு விற்கிற டிஸ்டில்டு வாட்டர் போதும், ஆசிட் கலந்ததை வாங்கிவிடாதீர்கள். இரண்டு கண்ணாடிக் கிண்ணம், பருத்திக் கையுறை, சாயம் இல்லாத பழைய வெள்ளை வேட்டித் துணி, கொஞ்சம் சமையல் சோடா. காசைக் கழுவ இவ்வளவுதான். நிறம் ஏற்றப் பழுப்பு நிறக் காகிதக் கவர், அவசரக்காரர்களுக்கு ஒரு முட்டை.

எண்ணெய் எடுப்பது: பாதி வேலை இங்கேதான்

இந்தப் படியை அசட்டை செய்து நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் காசை, 1901 விக்டோரியா, சும்மா தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டுக் கவரில் போட்டேன். ஆறு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் காசு முழுக்க இளமஞ்சள் ஏறியிருக்கிறது, ராணியின் கன்னத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, பத்திரப்பதிவு ஆபீசில் வைத்த ரேகை மாதிரி அவ்வளவு தெளிவாகப் பதிந்திருக்கிறது. கவரில் போடும்போது தொட்ட என் விரல்தான். கையிலிருந்த எண்ணெயும் உப்பும் இருந்த இடத்தில் நிறம் வேறு வேகத்தில் ஏறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கையெல்லாம் டோனிங், அதாவது இந்த நிறமேற்றம், அப்படியே படம் பிடித்துக் காட்டிவிடும். அந்த ரேகை இன்றைக்கும் அதில் லேசாகத் தெரிகிறது.

ஆகையால் பொறுமையாகச் செய்யுங்கள். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவாவது பட்ட காசு என்றால் முதலில் ஒரு கிண்ணம் காய்ச்சி வடித்த நீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடாவை முழுதாகக் கரைத்து, காசை அதில் பத்து நிமிஷம் போட்டுவையுங்கள். ஒட்டியிருக்கும் அமிலம் அடங்கும். சோடாவைத் தூளாகக் காசின் மேல் போட்டுத் தேய்க்கவே கூடாது, கிண்ணத்தில் அலுமினியம் ஃபாயிலும் வேண்டாம். ஃபாயிலும் சோடாவும் வெந்நீரும் சேர்ந்தால் எஞ்சியிருக்கிற இயற்கையான நிறத்தையும் பிடுங்கி, மங்கலான பஞ்சு போன்ற வெள்ளியாக விட்டுவிடும். சோடா நீரிலிருந்து எடுத்து வெறும் காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புது நீரில், அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் முடிக்காதீர்கள், நம் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், கடைசியில் அந்தப் புள்ளியைச் சுற்றி நிறம் வளையம் கட்டும்.

துணியை மேலே ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஒற்றுவது வேறு, துடைப்பது வேறு. வெளுத்த வெள்ளி அவ்வளவு மென்மையானது, மென்மையான துணியில் துடைத்தாலும் கீறல் விழும். நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோன் ஊற்றி, காசைப் போட்டு மூடி, அரை மணி நேரம் விடுங்கள். நடுவில் ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். அப்புறம் வேறு கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு முக்கு. எடுத்ததும் சில விநாடியில் தானாகவே காய்ந்துவிடும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியிலோ பூஜை அறை விளக்குப் பக்கத்திலோ வைத்துச் செய்யாதீர்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். இந்த இடத்திலிருந்து வெறும் விரல் காசில் படக் கூடாது. கையுறை, அதுவும் விளிம்பில் மட்டும்.

கவர் முறை: நான் நம்புகிற வழி

பழுப்புக் காகிதம் தயாரிக்கிற முறையில் கந்தகச் சேர்மங்கள் பயன்படுகின்றன, அதில் கொஞ்சம் காகிதத்திலேயே தங்கியிருக்கும். பழைய ஆபீஸ் கவர், பழைய அட்டை ஆல்பம், காக்கிக் காகிதப் பை, இவற்றில் வருஷக்கணக்கில் கிடந்த வெள்ளிக்காசு விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பொன்னிறமாவது இதனால்தான். அமெரிக்காவில் கருவூலத்தின் துணி மூட்டைகளில் பல பத்தாண்டு கிடந்த மோர்கன் டாலர் என்ற வெள்ளிக் காசுகள் சிலவற்றில் வானவில் மாதிரி நிறம் ஏறியிருப்பதும் இதே வகை நிகழ்ச்சி. நாம் செய்யப்போவது அந்தக் காத்திருப்பை நம் வீட்டு அலமாரியில் கொஞ்சம் சீக்கிரமாக்குவது, அவ்வளவே.

சின்ன பழுப்புக் கவர் ஒன்றுக்கு ஒரு காசு. மினுமினுப்பான, பிளாஸ்டிக் உறை ஒட்டிய கவர் வேண்டாம். காசை நடுவில் வைத்து மூடுங்கள், பசை காசில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் நேராக அடிக்காத, ஆனால் வெயிலின் சூடு படுகிற ஜன்னல் திண்டு நல்ல இடம். சூடும் ஈரப்பதமும் வேலையை வேகப்படுத்தும், சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் அது தானாகவே நடக்கும். கடற்காற்று நேராக வீசுகிற மொட்டைமாடி அறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், உப்புக்காற்று பட்டால் வெள்ளி குளோரைடு உண்டாகி அசிங்கமான திட்டு விழும். சமையலறைப் பரணும் வேண்டாம், எண்ணெய்ப் புகை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கவரைத் திறந்து, காசை மறுபக்கம் திருப்பி வையுங்கள். திருப்பாமல் விட்டால் காகிதத்தில் படுத்த பக்கம் ஒரு நிறம், மேல்பக்கம் வேறு நிறம் என்று ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் அதே விளக்கு, அதே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, போட்டோவை அடுத்தடுத்து வைத்தால்தான் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று புரியும். என் வீட்டில் ஐந்தாவது வாரம் விளிம்பில் வைக்கோல் நிறம் வந்தது, நான்கு மாதத்தில் பொன்னிறம் எழுத்துக்கள் வரை இறங்கியது, ஏழாம் மாதம் பள்ளங்களில் சாம்பல் நிறம் தங்கியது. உங்கள் ஊர், உங்கள் காகிதம், உங்கள் காசைப் பொறுத்து இது கூடும் குறையும். நாலு மாதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் கவரை மாற்றிப் பாருங்கள், எல்லாக் கவரிலும் கந்தகம் ஒரே அளவில் இருப்பதில்லை.

முட்டை முறை

காத்திருக்க முடியாதவர்களுக்கும், மிகவும் வெளுத்துப்போய்க் கவரில் அசையாத காசுக்கும் இது. ஒரு முட்டையைப் பன்னிரண்டு நிமிஷம் வேகவையுங்கள். அதிகமாக வெந்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றி ஒரு பச்சை வளையம் இருக்குமே, வெள்ளைக் கருவிலிருந்து வந்த கந்தகம் மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து உண்டான வளையம் அது. நமக்கு வேண்டிய வாயு உள்ளே உற்பத்தியாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். உரித்து, நாலாக வெட்டி, ஆவி அடங்கும் வரை ஆறவிடுங்கள். சூடாக வைத்தால் டப்பா மூடியில் நீர் கோத்துச் சொட்டும், சொட்டு விழுந்த இடத்தில் கருவளையம் நிச்சயம்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் ஒரு மூலையில் கிண்ணத்தில் முட்டை. இன்னொரு மூலையில் இரண்டு பாட்டில் மூடிகளைக் கவிழ்த்து, காசின் விளிம்பு மட்டும் அவற்றின் மேல் படுகிறபடி காசைப் பாலம் போல வையுங்கள், அடியிலும் காற்று போகட்டும். முட்டை காசில் படக் கூடாது. மூடிவிட்டுப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாருங்கள். முதல் மஞ்சள் தெரிந்தவுடன் எடுத்துவிடுங்கள், ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் என்று விட்டால் நீலத்துக்கும் கறுப்புக்கும் பாய்ந்துவிடும். எடுத்த காசை ஒரு நாள் வெளியே மூடிவைத்துவிட்டு, மறுநாள் புது முட்டையோடு இன்னொரு தடவை. இப்படி மெல்லிய பூச்சாக நாலைந்து தடவை ஏற்றினால் ஒரேயடியாக ஏற்றியதைவிட இயல்பாக வரும். முட்டைத் தடவலை முடித்துவிட்டு அப்புறம் மூன்று மாதம் கவரில் போட்டுவைப்பது என் வழக்கம், முட்டையின் அவசரத்தைக் காகிதம் கொஞ்சம் ஆற்றிக்கொடுக்கிறது. அந்த முட்டையைச் சாப்பிடாதீர்கள்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கந்தகப் பொடியாலும் செய்யலாம். ஒரு சிட்டிகையைத் தனி மூடியில் போட்டு, காசோடு ஒரே டப்பாவில் வாரக்கணக்கில் வைத்தால் மெதுவாக நிறம் ஏறும். பொடி காசின் மேல் சிந்தினால் அந்த இடம் கறுத்துப் புள்ளியாகிவிடும், மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். கந்தகத்தை எரிப்பது, சூடாக்குவது கூடவே கூடாது, வருகிற புகை மூச்சை அடைக்கும். நகைத் தொழிலில் வெள்ளியைக் கறுக்கவைக்கப் பயன்படும் பொட்டாசியம் பாலிசல்பைடு கரைசல் காசுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. சில விநாடியில் கறுத்துவிடுகிறது, பெயின்ட் அடித்தது மாதிரித் தெரிகிறது, அமிலம் ஏதும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

எங்கே நிறுத்துவது

வெள்ளி சல்பைடுப் படலம் தடிக்கத் தடிக்க, ஒளி அதில் பட்டுத் திரும்புகிற விதம் மாறி நிறம் மாறும். தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் நிறம் தெரிகிற அதே கணக்கு. வரிசை ஏறக்குறைய இப்படிப் போகும்: வெளிர் மஞ்சள், தேன் நிறம், செம்பழுப்பு, ஊதா, நீலம், பிறகு வெளிறி மறுபடி மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, கடைசியில் கறுப்பு. இயற்கையில் இந்த வரிசை பல வருஷத்தில் நடக்கும், அதனால் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போகும். அவசரத்தில் ஏற்றியதில் நீலம் திடீரென்று திட்டாக நிற்கும், மஞ்சளைக் காணோம், செம்பழுப்பைக் காணோம். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது முதல் பார்வையிலேயே உறுத்தும்.

கைமாறிப் புழங்கிய ரூபாய்க்கு வானவில் நிறம் பொருந்தவே பொருந்தாது என்பேன். பை, முடிச்சு, உண்டியல் என்று திரிந்த காசு சாம்பல் நிறம்தான் ஆகும், பள்ளத்தில் அடர்ந்தும் மேட்டில் வெளிறியும். விக்டோரியாவின் மூக்கும் கன்னமும் தேய்ந்து வழுக்கையாக இருக்கும்போது அதன் மேல் நீலமும் ஊதாவும் ஏறியிருந்தால் நம்பவே முடியாது. புழங்காத காசு என்றால் விளிம்பில் மட்டும் பொன்னும் தேனும் வந்த நிலையில் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

மேடுகளைத் திறப்பது

இது புழங்கிய காசுக்கு மட்டும். காசு முழுக்க ஒரே சாம்பலாக ஏறியிருந்தால் முகம் சேற்றில் அமுங்கினது போல இருக்கும். பழைய காசின் அழகு அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே மட்டும் கையுறையைக் கழற்றலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலின் சதைப் பகுதியால் கன்னம், கிரீடம், பின்பக்கப் பூவேலையின் மேடு இவற்றை மட்டும், முறுக்குக்கு மாவு பிசைகிற அழுத்தமெல்லாம் வேண்டாம், ஆச்சி காசை எண்ணும்போது விரல் பட்டிருக்குமே அந்த அளவுக்கு, நீவுங்கள். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை, ஒரு வாரம். மேடு மெல்ல வெளிறும், பள்ளம் அப்படியே நிற்கும். சிலர் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் திரிவார்கள், அதுவும் நல்ல வழிதான், கூடவே சாவிக்கொத்து மட்டும் இருக்கக் கூடாது. முடிந்ததும் அசிட்டோனில் ஒரு முக்கு முக்கி விரல் எண்ணெயை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் என் 1901 கதைதான். அசிட்டோன் எண்ணெயைத்தான் எடுக்கும், ஏறின நிறத்தைத் தொடாது.

நிறம் அதிகமாகிவிட்டதே என்று பதறி, வெள்ளி வெளுக்கிற டிப் திரவத்தில் முக்கிவிடாதீர்கள். அந்தத் திரவம் சல்பைடைக் கரைப்பது என்றால் காசின் வெள்ளியில் இன்னொரு தோலைக் கரைப்பதுதான். ஏற்கெனவே புளியில் ஒரு தோல் போயிருக்கிறது. கறுப்பு மிஞ்சிய காசை மேடு நீவி எவ்வளவு சரிசெய்ய முடியுமோ அவ்வளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கேஸ் அடுப்பில் வாட்டுவது, தீக்குச்சிப் புகை காட்டுவது, தலைச்சாயம், ஷூ பாலிஷ், துணி வெளுக்கும் பிளீச் என்று யார் எந்த யோசனை சொன்னாலும் வேண்டாம். இவற்றில் பாதி வெறும் பூச்சு, அசிட்டோன் பட்டால் கழன்றுவிடும், மீதி காசையே கெடுக்கும்.

விற்கவோ கொடுக்கவோ போகிறீர்கள் என்றால்

நிறம் ஏற்றிய காசைத் தேய்க்காத காசு என்று விற்பது ஏமாற்று. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரித் தரம் பிரிக்கும் நிறுவனங்களுக்கு அனுப்பினாலும், தேய்த்த கீறலோ சந்தேகமான நிறமோ கண்டுபிடித்தால் எண் போட்ட தரம் கொடுக்காமல், தேய்த்தது அல்லது நிறம் சந்தேகத்துக்குரியது என்று எழுதித்தான் அனுப்புவார்கள். சமதளத்தின் கீறலுக்கு மேல் நிறம் படர்ந்திருப்பதை வைத்தே தேய்த்த பிறகு ஏறியது என்று சொல்லிவிடலாம். வீட்டுக் காசை வீட்டிலேயே வைத்துக்கொள்பவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனாலும் ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். என் சீட்டுகளில் இப்படி இருக்கிறது: விக்டோரியா 1 ரூபாய் 1887, புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்தது, கவரில் ஏழு மாதம், மேடு நீவியது. பேரப்பிள்ளைகள் காலத்தில் யாராவது விற்கப் போனால் உண்மை காசோடு போகும்.

எடுத்து வைப்பது

வேண்டிய நிறம் வந்த நாளோடு கவரிலிருந்து எடுத்துவிடுங்கள், அங்கேயே விட்டால் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். இரண்டு மூன்று நாள் சாதாரண அறையில், தூசி படாமல், வெள்ளைத் துணி மேல் வைத்து ஆறவிட்டு, பிறகு காற்றுப் புகாத கெட்டிப் பிளாஸ்டிக் கேப்சூலில் போடுங்கள். ரூபாயின் விட்டம் முப்பது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, எடுத்துப் போய் அளந்து பார்த்து வாங்குங்கள், தளர்வாக இருந்தால் உள்ளே ஆடி ஆடி விளிம்பு தேயும். மெத்தென்று வளைகிற, நாற்றம் அடிக்கிற பிவிசி உறை மட்டும் வேண்டாம், வருஷம் போகப் போக அது பச்சைப் பிசின் மாதிரிக் கசிந்து காசை அரிக்கும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, ஆல்பத்தைச் சுற்றிப் போட்டால்கூடக் காசில் கோடு விழும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

ஆச்சியின் பதினொன்றில் மூன்றைத் தொடவில்லை. கீறல் அவ்வளவு ஆழம், நிறம் ஏற்றினால் கீறல்தான் முதலில் கண்ணில் படும். அவற்றை அப்படியே சுருக்குப் பையில் திரும்பப் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். போன மாதம் எடுத்துப் பார்த்தேன், பையின் பழைய துணி பட்ட இடத்தில், எட்வர்ட் ரூபாயின் விளிம்பில் மட்டும், மெல்லிசாக வைக்கோல் நிறம் தெரிய ஆரம்பித்திருக்கிறது.